வாட் காலத்தில் விட்ட கணக்கு வேலை: பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு திரும்புவது எப்படி?

நொய்யல்வாசி

வணக்கம். ஊர் திருப்பூர். பி.காம்., பனியன் கம்பெனி கணக்குப் பிரிவில் 2009 முதல் 2015 வரை வேலை. டேலி ஈஆர்பி 9 கணக்கு மென்பொருளில் பர்ச்சேஸ், சேல்ஸ், பேங்க் எண்ட்ரி, மாதாந்திர வாட் (மதிப்புக் கூட்டு வரி) ரிட்டர்ன், வெளி மாநில விற்பனைக்கான சி ஃபார்ம் வாங்குவது, இவ்வளவு தெரியும். இப்போது பெரியவன் ஐந்தாம் வகுப்பு, சின்னவள் யுகேஜி. மறுபடி கணக்கு வேலைக்கே போக வேண்டும்.

எதை முதலில் படிப்பது, டேலி கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா, பழைய பிஎஃப் கணக்கை என்ன செய்வது, ரெஸ்யூமேயில் இந்தப் பதினோரு வருடத்தை எப்படிக் காட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தொகை

சகோதரி, பதினோரு வருடம் என்று மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். பற்று, வரவு, பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு நம் புத்தகத்தை ஒப்பிடுவது), இருப்புநிலை எதுவும் மாறவில்லை. மாறியவை தேதி குறித்துச் சொல்லக்கூடிய சில சங்கதிகள்தான். அவற்றை மாதத்தில் வேலை வருகிற வரிசையிலேயே படித்தால் மனதில் நிற்கும். ஜிஎஸ்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் மூன்றாவது நாளே மூடி வைத்துவிடுவீர்கள்.

வாட், சேவை வரி, கலால் எல்லாம் போய் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. சி ஃபார்ம் வேலை உங்களுக்கு இனி இல்லை. மாத ரிட்டர்ன் போடும் கம்பெனியில் சுற்று இப்படி:

விற்பனை விவரம் ஜிஎஸ்டிஆர்-1, அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள். நமக்குச் சரக்கு விற்றவர்கள் அவரவர் ஜிஎஸ்டிஆர்-1 போட்டதை வைத்து 14-ம் தேதி நம் பெயரில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் உருவாகும். 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரி கட்ட வேண்டும்.

இந்த மூன்றில் உயிர் 2பி-யில் இருக்கிறது. பில் கையில் இருக்கிறது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்பதற்காக இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) எடுத்துவிட முடியாது. விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது 2பி-யில் வந்தால்தான் எடுக்கலாம். அவர் 11-ம் தேதியைத் தவறவிட்டால் அந்த மாதம் நம் முதலாளி அந்தத் தொகையைக் கைக்காசாகக் கட்டுவார். அதனால் கணக்காளர் வேலையில் பாதி இப்போது போன் வேலை. 8-ம் தேதியிலிருந்து 10-ம் தேதிக்குள் பெரிய தொகை பில் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு "ஜிஎஸ்டிஆர் ஒன்னு போட்டாச்சுங்களா?" என்று கேட்பவர்தான் நல்ல கணக்காளர். 14-ம் தேதி 2பி வந்த பிறகு கூப்பிட்டால் அடுத்த மாதம்தான் வரும்.

2024 அக்டோபர் முதல் போர்ட்டலில் ஐஎம்எஸ் என்று ஒரு பகுதியும் இருக்கிறது. வந்த பில்களை ஏற்பது, மறுப்பது, நிறுத்தி வைப்பது அங்கேதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. நம்முடையதே அல்லாத பில் ஒன்று யாரோ எண் மாற்றிப் போட்டதால் வந்திருந்தால், அங்கே மறுக்க வேண்டும்.

இன்னொன்று. 2025 ஜூலை மாத ரிட்டர்னிலிருந்து 3பி-யில் விற்பனை வரித் தொகையைக் கையால் மாற்ற முடியாது. ஜிஎஸ்டிஆர்-1-ல் போட்டது அப்படியே வந்து நிற்கும். தப்பு இருந்தால் 3பி போடுவதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ-யில்தான் திருத்த வேண்டும். "3பி-யில் சரி பண்ணிக்கலாம்" என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். அதை நம்பி 11-ம் தேதி வேலையை அசட்டையாக விடாதீர்கள்.

கொடுமணல்

அருமையான விளக்கம். சின்னக் கம்பெனிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானே ரிட்டர்ன்? அங்கே சேர்ந்தால் வேலை குறைவாக இருக்குமே. சரக்கு அனுப்ப 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு) போடத் தெரிந்தால் போதும் அல்லவா?

பேரேடு

@கொடுமணல், இரண்டையும் திருத்திக்கொள்ளுங்கள்.

வருட விற்றுமுதல் 5 கோடி வரை இருந்தால் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வரியை மாதாமாதம் கட்டத்தான் வேண்டும். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குப் பிஎம்டி-06 சலான், அடுத்த மாதம் 25-ம் தேதிக்குள். வாங்குபவருக்கு இன்புட் உடனே போக வேண்டும் என்றால் அந்த இரண்டு மாத பில்களையும் 13-ம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் என்ற போர்ட்டல் வசதியில் ஏற்ற வேண்டும். காலாண்டு 3பி தமிழ்நாட்டுக்கு 22-ம் தேதி. குறைகிற வேலை கொஞ்சம்தான்.

இ-வே பில் வரம்பு தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய். வெளி மாநிலத்துக்குத்தான் 50,000. திருப்பூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிவிலக்கு ஒன்றும் உண்டு: வேறு மாநிலத்தில் இருக்கும் ஜாப் ஒர்க்காரருக்கு (நம் சரக்கில் கூலிக்கு வேலை செய்து தருபவருக்கு) அனுப்பினால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். இதில்தான் வண்டி மாட்டுகிறது.

வழக்கமான சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. தப்பாகப் போட்டுவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். வண்டி வழியில் பழுதானால் புதிய பில் வேண்டாம், வாகன எண்ணை மட்டும் மாற்றினால் போதும். காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்த 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் நீட்டிக்க வழி இல்லை.

இ-இன்வாய்ஸ் (அரசுப் போர்ட்டலில் பதிவு செய்து எண் வாங்கும் பில்): 2017-18 முதல் எந்த ஒரு வருடத்திலாவது விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் கட்டாயம். இந்த 5 கோடி வரம்பு 2023 ஆகஸ்ட் 1-ல் வந்தது. "இந்த வருடம் 4 கோடிதான் ஆச்சு" என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தப் பதிவு எண், அதாவது ஐஆர்என் இல்லாத பில் செல்லாத பில். ரத்து செய்ய இதற்கும் 24 மணி நேரம்தான், அதன் பிறகு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு).

ஐந்தொகை

பேரேடு சொன்னதோடு ஜாப் ஒர்க் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். நம் ஊரில் இது தெரியாமல் கணக்கு வேலை இல்லை.

நூல் நிட்டிங்குக்குப் போய், துணி டையிங்குக்குப் போய், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங் என்று சுற்றி வரும். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் டெலிவரி சலான் மூன்று பிரதி. அனுப்பியது ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாக எடுத்து வரி கேட்பார்கள். இந்தப் போக்குவரத்தைக் காட்டும் படிவம் ஐடிசி-04. விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் வருடத்துக்கு இருமுறை, அக்டோபர் 25, ஏப்ரல் 25. மற்றவர்களுக்கு ஏப்ரல் 25 மட்டும்.

எங்கே தகராறு வரும்? எடையில். 100 கிலோ நூல் போகும், 97 கிலோ துணி வரும். அந்த 3 கிலோ கழிவை சலானில் எழுதாமல் விட்டால் வருடக் கடைசியில் நிட்டிங்காரரிடம் டன் கணக்கில் சரக்கு நிற்பதாகப் புத்தகம் சொல்லும். வந்த அன்றே கழிவு எடையையும் எழுதி வாங்குங்கள்.

வரி விகிதமும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டன. ஆயத்த ஆடையில் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன் 1,000 ரூபாய் என்பதுதான் எல்லைக்கோடு. பழைய வீடியோக்களைப் பார்த்துப் படிக்கும்போது அது எந்தத் தேதியில் ஏற்றியது என்று முதலில் பாருங்கள்.

கணினிக்கூடம்

டேலி கோர்ஸ் கேள்விக்கு வருகிறேன். ஆறு வருடம் எண்ட்ரி போட்ட கைக்கு மூன்று மாத கோர்ஸ் தேவையில்லை. அந்தப் பாடத்தில் பாதி, கம்பெனி உருவாக்குவது, லெட்ஜர் திறப்பது என்றே போகும். கற்றுக்கொடுக்கிற தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

டேலி பிரைம் 2020 நவம்பரில் வந்தது. இலவசமாக இறக்கி, லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் முறையில் திறக்கலாம். அதில் மாதத்தின் 1, 2, கடைசி நாள் ஆகிய தேதிகளில் மட்டும்தான் எண்ட்ரி போட முடியும். பழகுவதற்கு அது தாராளம்.

கைப்பழக்கத்தில் இடிக்கப் போகும் இடங்கள் இவை. வலது பக்கப் பட்டனைத் தேட வேண்டாம், ஆல்ட்+ஜி அழுத்தி எந்த அறிக்கைக்கும் நேரே போகலாம். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், இவை பழையபடியே. கிரெடிட் நோட் முன்பு கன்ட்ரோல்+எஃப்8, இப்போது ஆல்ட்+எஃப்6. டெபிட் நோட் கன்ட்ரோல்+எஃப்9 ஆக இருந்தது, இப்போது ஆல்ட்+எஃப்5. அவ்வளவுதான் வித்தியாசம்.

பயிற்சிக்கு ஒரு கற்பனை பனியன் கம்பெனி திறந்து இப்படிப் போடுங்கள்: தமிழ்நாட்டுக்குள் வாங்கிய பில் 15, வெளி மாநில நூல் பில் 5, உள்ளூர் விற்பனை 10, வெளி மாநில விற்பனை 5, கிரெடிட் நோட் 2, டையிங் ஜாப் ஒர்க் பில் 4, லாரி வாடகை 2, கட்டட வாடகை 1. பிறகு ஜிஎஸ்டிஆர்-1, 3பி அறிக்கைகளைத் திறந்து, 'அன்சர்ட்டன்' தலைப்பில் என்னென்ன நிற்கிறது என்று பாருங்கள். அங்கே நிற்பவை எல்லாம் நீங்கள் செய்த தப்புகள். ஒவ்வொன்றாகச் சரிசெய்வதுதான் உண்மையான பாடம்.

தொண்ணூறு சதவீதம் மாட்டுவது ஒரே இடத்தில்தான்: பார்ட்டி லெட்ஜரில் மாநிலத்தைச் சரியாகப் போடாதது. சூரத்காரர் லெட்ஜரில் தமிழ்நாடு என்று இருந்தால், வெளி மாநில பில்லுக்கான ஐஜிஎஸ்டி வர வேண்டிய இடத்தில் உள் மாநில பில்லுக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வந்துவிடும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள், 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்தும் அவர்களுடைய பான் எண். மொத்தம் 15. லெட்ஜர் திறக்கும்போதே இதைச் சரிபார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மாதக் கடைசியில் அவதி இல்லை.

இன்னொரு பழக்கத்தை விட வேண்டும். பழைய வவுச்சரைத் திறந்து சத்தமில்லாமல் தொகையை மாற்றுவது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளில் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடயம் மென்பொருளில் பதிவாகியே தீர வேண்டும். ஆடிட்டர் அதைப் பார்த்து அறிக்கையில் எழுதுவார். தப்பு வந்தால் புதிய ஜர்னல் போட்டு, விவரத்தில் காரணம் எழுதுங்கள்.

நொய்யல்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. கட்டட வாடகை, லாரி வாடகையைத் தனியாகச் சொன்னீர்களே, காரணம் என்னங்க? எக்செல் எவ்வளவு தெரிய வேண்டும்?

பேரேடு

அவை இரண்டும் நேர்காணலில் கேட்பவை. சில செலவுகளுக்கு விற்றவர் வரி போட மாட்டார், வாங்கிய நாமே கட்ட வேண்டும். ஆர்சிஎம் என்பார்கள். வரி போடாத லாரி சர்வீஸ் பில்லுக்கு 5 சதவீதம். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடம் வணிகக் கட்டடம் வாடகைக்கு எடுத்திருந்தால் 18 சதவீதம் நாம் கட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

இதை இன்புட்டில் கழிக்க முடியாது, பணமாகவே கட்டிவிட்டுப் பிறகு இன்புட் எடுக்க வேண்டும். நமக்கு நாமே ஒரு பில்லும் 30 நாளுக்குள் எழுதி வைக்க வேண்டும். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் யூனிட்கள் நம் ஊரில் எத்தனை என்று யோசியுங்கள், கேள்வி ஏன் வருகிறது என்று புரியும்.

எக்செல்: 2பி பட்டியலையும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் ஒப்பிடத் தெரிய வேண்டும், முக்கியமாக அதுதான். இரண்டு ஷீட்டிலும் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் ஒட்டி ஒரு காலம் உருவாக்கி விலுக்அப் அல்லது எக்ஸ்லுக்அப் போடுங்கள். பாதி பொருந்தாமல் போகும், பயப்படாதீர்கள். நாம் '45' என்று போட்டிருப்போம், அவர்கள் '045/25-26' என்று ஏற்றியிருப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும், அதற்கு ட்ரிம். தேதி எழுத்தாக வந்திருக்கும். இதனால்தான் பில்லில் உள்ளபடியே எண்ணை முழுதாக எண்ட்ரி போடச் சொல்கிறோம். இதோடு சம்இஃப்ஸ், பிவட் டேபிள் தெரிந்தால் போதும். மேக்ரோ எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

மில்ரோடு எச்ஆர்

ஆள் எடுக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரெஸ்யூமேயில் இடைவெளியை மறைக்காதீர்கள் மேடம். தேதிகளை எடுத்துவிட்டு வருடக் கணக்கை மட்டும் போடுவது, சொந்தக்காரர் கடையில் வேலை பார்த்ததாக எழுதுவது, இரண்டுமே பிஎஃப் சேவை விவரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். "2015–2026: குழந்தை வளர்ப்புக்காகப் பணி இடைவெளி" என்று ஒரே வரி. மன்னிப்புத் தொனியும் வேண்டாம், தியாகக் கதையும் வேண்டாம். அதற்கு அடுத்த வரியில், இப்போது என்ன தெரியும் என்பதைச் செயலாக எழுதுங்கள். 'ஜிஎஸ்டி அறிவு உண்டு' என்பது யாரையும் நிறுத்தாது. '2பி ஒப்பீடு எக்செல்லில் செய்வேன், இ-வே பில், ஐடிசி-04 தெரியும்' என்றால் கூப்பிடுவார்கள். ஒரே பக்கம் போதும்.

நேர்காணலில் கம்ப்யூட்டரில் உட்கார வைப்பார்கள். பெரும்பாலும் ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கொடுத்து ரீகன்சிலியேஷன், ஒரு வெளி மாநில பில் எண்ட்ரி, ஆர்சிஎம் ஜர்னல் ஒன்று. வேகம் பார்ப்பதில்லை, மாநிலம், வரி வகை, தேதி சரியா என்றுதான் பார்ப்பார்கள்.

முதலாளிகள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: 10, 11, 19, 20 தேதிகளில் இவர் வருவாரா? நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். "ரிட்டர்ன் நாள்களில் பிள்ளைகளைப் பார்க்க ஏற்பாடு இருக்கிறது, மற்ற நாள்களில் 5.30-க்குக் கிளம்ப வேண்டும்." இப்படிச் சேரும்போதே பேசாத நேரத்தை ஆறு மாதம் கழித்துப் பேசி வாங்குவது மிகக் கடினம்.

சான்றிதழ்கள்: பழைய கம்பெனியின் அனுபவச் சான்று, ரிலீவிங் கடிதம். அந்தக் கம்பெனி மூடியிருந்தால் பிஎஃப் பாஸ்புக்கும் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட்டும் போதும், ஏற்றுக்கொள்வோம்.

பவானிக்கரை

நேராகக் கம்பெனியில் சேர்வதைவிட ஆறு மாதம் ஆடிட்டர் ஆபீஸில் இருந்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. இருபது முப்பது பார்ட்டிகளின் கணக்கைப் பார்க்கலாம், எல்லா வகைத் தப்பும் கண்ணில் படும்.

ஐந்தொகை

படிப்புக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்த நேரம் ஒத்துவராது. கம்பெனியில் மாதத்துக்கு ஒரு 11, ஒரு 20. ஆடிட்டர் ஆபீஸில் முப்பது பார்ட்டிக்கும் அதே நாள், பாதிப் பேர் 19-ம் தேதி மாலைதான் பில்லைக் கொடுத்தனுப்புவார்கள். வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 கெடு. அதே செப்டம்பரில்தான் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு.

போவதாக இருந்தால் அக்டோபர் கடைசியில் தொடங்கி, அரை நாள் வேலையாகக் கேளுங்கள். எண்ட்ரியோடு நிறுத்திவிடாமல் 2பி ஒப்பீடு, நோட்டீஸுக்குப் பதில் தயாரிப்பது இரண்டையும் பார்க்க விடுவார்களா என்று கேட்டுச் சேருங்கள். வெறும் எண்ட்ரி என்றால் ஆறு மாதத்தில் கற்பது ஒன்றுமில்லை, குறைந்த சம்பளம்தான் மிச்சம்.

மில்ரோடு எச்ஆர்

இதில் ஐந்தொகை பக்கம்தான் நானும். ஆனாலும் முப்பது பேர் வேலை பார்க்கும் யூனிட்டில் ஒரே கணக்காளராகச் சேர்வதையும் தவிர்க்கச் சொல்வேன். கேட்க ஆள் இல்லை, மாற்ற ஆள் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் 20-ம் தேதி நீங்கள்தான். இரண்டு மூன்று பேர் இருக்கும் கணக்குப் பிரிவாகப் பாருங்கள்.

50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம், 2017 மகப்பேறு திருத்தத்தில் வந்தது. ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்க்கலாம். யுகேஜி குழந்தைக்கு மாலை நேரத்தில் இது உதவும். இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், போய் அறையைப் பார்த்து, கவனிக்கும் ஆள் எத்தனை மணி வரை இருக்கிறார் என்று விசாரியுங்கள். பல இடங்களில் தையல் பிரிவு முடிந்ததும் அவரும் கிளம்பிவிடுவார், அலுவலகம் அதற்குப் பிறகும் நடக்கும்.

வைப்புநிதி உதவி

பிஎஃப் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இதில் தப்பினால் வருடக்கணக்கில் இழுக்கும்.

யுஏஎன் எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) 2014 அக்டோபரில் வந்தது. 2015 வரை வேலையில் இருந்ததால் உங்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். பழைய சம்பளச் சீட்டில் இருக்கும். புதிய இடத்தில் சேரும்போது படிவம் 11 தருவார்கள், "முன்பு பிஎஃப் உறுப்பினரா?" என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு அந்தப் பழைய எண்ணையே எழுதுங்கள். இல்லை என்று போட்டால் இரண்டாவது யுஏஎன் உருவாகும், சிக்கல் அங்கிருந்து தொடங்கும்.

பெண்களுக்கு அதிகம் இடிப்பது பெயர். பிஎஃப் பதிவில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். இரண்டும் பொருந்தாமல் ஆதார் இணையாது, ஆதார் இணையாமல் மாற்றலும் இல்லை, பணமும் இல்லை. 2017 அக்டோபருக்கு முந்தைய யுஏஎன் என்பதால் திருத்தத்துக்கு வேலை கொடுத்தவர் ஒப்புதல் வேண்டும். கூட்டு உறுதிமொழி என்பார்கள். பழைய கம்பெனி மூடியிருந்தால் படிவத்தில் சான்றொப்பம் வாங்கி பிஎஃப் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், தேடத் தொடங்கும் அன்றே இதைத் தொடங்குங்கள்.

அடுத்து வெளியேறிய தேதி. பழைய கம்பெனி அதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் மாற்றல் விண்ணப்பம் நகராது. கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்தால் நாமே போர்ட்டலில் பதிவு செய்யலாம். அதற்கும் ஆதார் இணைந்திருக்க வேண்டும். போட்ட தேதியைத் திருத்துவது பெரும்பாடு, ஆகவே ரிலீவிங் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

பணத்தை எடுப்பதா, மாற்றுவதா? மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், இடைவெளி விட்டு வேலை பார்த்தாலும் இரண்டு பக்கச் சேவையும் கூடும். ஆறு வருடம் ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் நான்கு போதும். படிவம் 10சி போட்டு ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அந்த ஆறும் போய்விடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து.

இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பற்றி ஒரு வரி: பழைய காப்பீட்டு எண்ணையே கொடுங்கள். நீங்கள் வேலையில் இருந்தபோது சம்பள வரம்பு 15,000, 2017 ஜனவரி முதல் 21,000. பிடித்தம் 1.75 சதவீதமாக இருந்தது, 2019 ஜூலை முதல் 0.75.

பேரேடு

இதோடு பான் எண்ணையும் பாருங்கள். ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்துவிட்டது. வீட்டில் இருந்த பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படியே வேலையில் சேர்ந்தால் வரி பிடிக்கும் நிலை வரும்போது 20 சதவீதம் பிடிப்பார்கள். 1,000 ரூபாய் கட்டி இணைக்கலாம். இங்கேயும் பெயர், பிறந்த தேதி பொருந்த வேண்டும். ஆகவே முதலில் ஆதாரை இறுதி செய்யுங்கள், பிறகு பான், பிறகு பிஎஃப், கடைசியில் பேங்க். வரிசை மாறினால் ஒன்றைத் திருத்த மற்றொன்று கெடும்.

சம்பளக் கணக்காக இருந்த பழைய பேங்க் கணக்கில் இரண்டு வருடமாக வரவு செலவு இல்லை என்றால் அது முடங்கியிருக்கும். ஆதார், பான் கொடுத்துத் திறந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை.

நொய்யல்வாசி

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி பிடித்துக் கட்டுவது) பற்றி யாரும் சொல்லவில்லையே? அதுவும் மாறியிருக்கும் அல்லவா?

ஐந்தொகை

கட்டும் தேதி மாறவில்லை: அடுத்த மாதம் 7, மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. டையிங், நிட்டிங் ஜாப் ஒர்க் பில்லுக்குத் தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2, இதுவும் பழையபடியே. ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மீதிக்குப் பிடிக்க வேண்டும்.

புதிது என்றால், 2021 ஜூலை முதல் ஒரே ஆளிடம் வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால் மிகுதிக்கு 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும், நம் முந்தைய வருட விற்றுமுதல் 10 கோடிக்கு மேல் இருந்தால். நூல் வாங்கும் கம்பெனிகளில் இது தவறாமல் வரும்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 192, 194சி போன்ற பிரிவு எண்கள் போய்விட்டன. சம்பளம் 392, மற்றவை பெரும்பாலும் 393-க்குள் அட்டவணையாக வருகின்றன. 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற சொல்லும் போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு: இந்த எண்களை வேலையில் இருப்பவர்களும் இப்போதுதான் படிக்கிறார்கள்.

சின்ன சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 15 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போக வேண்டும். தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும். மார்ச் மாதம் முதலாளி உங்களிடம் முதலில் கேட்கும் பட்டியல் இதுவாகத்தான் இருக்கும். பார்ட்டி லெட்ஜர் திறக்கும் அன்றே உத்யம் சான்றிதழை வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

கொடுமணல்

எந்தத் தேதியில் சேர்வது நல்லது என்பதையும் யாராவது சொல்லுங்களேன். எல்லோரும் 1-ம் தேதி என்கிறார்கள்.

மில்ரோடு எச்ஆர்

1-ம் தேதி சேர்ந்தால் எதையும் புரிந்துகொள்வதற்குள் 7, 11, 15, 20 என்று வரிசையாக வரும், சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. 21 அல்லது 22-ம் தேதி சேர்கிறேன் என்று கேளுங்கள். பத்து நாள் பழைய ரிட்டர்ன்களைப் புரட்டிப் பார்க்கலாம், பார்ட்டி பெயர்கள் பழகும்.

மாதம் என்று பார்த்தால், மார்ச், ஏப்ரல் வேண்டாம். வருட முடிவும் முழு ஆண்டுத் தேர்வும் ஒன்றாக வரும், பின்னாலேயே கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். ஜூன் பள்ளி திறந்து வண்டி, டியூஷன் நேரமெல்லாம் நிலைக்கு வந்த பிறகு, ஜூலை 21-ஐ ஒட்டிச் சேர்ந்தால் சரியாக இருக்கும். செப்டம்பர் நெருக்கடிக்கு முன் ஒரு முழு மாதச் சுற்று கைக்கு வந்திருக்கும்.

நொய்யல்வாசி

சரிங்க. பழைய சம்பளச் சீட்டில் யுஏஎன் கிடைத்துவிட்டது. பெயரில் அப்பா இனிஷியல்தான் இருக்கிறது. அந்தக் கம்பெனி இப்போதும் நடக்கிறது. நேரில் போக வேண்டுமா?

வைப்புநிதி உதவி

நடக்கிறது என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆதாரில் இருக்கிற எழுத்துக் கூட்டல், இடைவெளி, புள்ளி மாறாமல் போர்ட்டலில் கோரிக்கை போடுங்கள். போட்டதும் அந்தக் கம்பெனி பிஎஃப் வேலையைப் பார்ப்பவருக்குப் போன் செய்து, அவர்கள் லாகினில் ஒப்புதலுக்கு நிற்கிறது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதியிலும் தப்பு இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையில் போடுங்கள்.